வீட்டிற்குள் பேசப்படாத வார்த்தை



சில மாதங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகம் பகுதியிலுள்ள ஒரு வீட்டில் நடைபெற்ற ஜெபக்கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். பெரிய தெப்பக்குளத்தையொட்டிய குறுகிய தெருக்களில் ஒன்றில் அவ்வீடு இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குடியிருக்கும் குடும்பம். தகப்பனார் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. தாயார் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறார். ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பின்பு, தகப்பனார் முகம் வாடியவராய் என்னிடம் சொன்னார்: “ஐயா, இவளுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். கல்லூரியில் ஏதோ பிரெஞ்சுப் படம் போட்டார்களாம். இருந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். வேறொருத்தியோடு சுற்றுகிற ஒரு குடும்பஸ்தனின் கதையாம். நம் வீட்டுப் பிள்ளை பார்க்கிற படமா அது?”

மகள் தலைகுனிந்து நின்றாள். பின்பு மெதுவாக, “ஐயா, அப்பா முழுக்கதையையும் கேட்கவில்லை. அந்த மனுஷன் கடைசியில் யோசேப்பைப் போல ஓடிவிடுகிறான்” என்றாள்.

எனக்கு ஆச்சரியமாயிருந்தது. உட்காரச் சொல்லிக் கதையைக் கேட்டேன்.

படியிறங்கி ஓடியவன்

அவள் பார்த்தது 1972-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமேர் எடுத்த படம். ‘பிற்பகல் வேளையில் காதல்’ என்று பொருள்படும் தலைப்பு. ஒழுக்கத்தைக் குறித்து அவர் வரிசையாக எடுத்த ஆறு படங்களில் இதுவே கடைசி.

பிரெடெரிக் என்பவன் பாரிஸ் நகரின் புறநகரில் வசிக்கிறான். நாள்தோறும் ரயிலேறி நகரத்திலுள்ள தன் அலுவலகத்திற்குப் போகிறான். மனைவி எலேன் ஆசிரியை. ஒரு குழந்தை இருக்கிறது, அடுத்த குழந்தையை எதிர்பார்த்திருக்கிறார்கள். வீட்டில் சண்டையில்லை, குறையில்லை. ஆனாலும் மதிய உணவுக்குப் பிறகான வெறுமையான மணி நேரங்களில் அவன் மனம் அலைகிறது. தெருவில் போகிற பெண்களையெல்லாம் தன் வசப்படுத்தும் மந்திரத் தாயத்து ஒன்று தன் கழுத்தில் இருப்பதாகப் பகற்கனவு காண்கிறான். பார்ப்பவர்கள் சிரிக்கும்படியாகவே அக்காட்சியை அமைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் க்ளோயே என்னும் பழைய அறிமுகக்காரி அலுவலகத்திற்கு வருகிறாள். முதலில் அவள் வருகை அவனுக்குத் தொந்தரவாகத் தோன்றுகிறது. பிறகு பழக்கமாகிறது. பிறகு அவள் வராத பிற்பகல் நீளமாகத் தோன்றுகிறது. மனைவியிடம் சொல்லாத எண்ணங்களை அவளிடம் தாராளமாகச் சொல்கிறான். கடைசியில் ஒரு பிற்பகல் அவள் அறைக்கே போய்விடுகிறான். மேற்சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்க்கிறான். சட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு தன் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டின அதே கோலம்! ஒரு கணம் நிற்கிறான். சட்டையை மறுபடியும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைத் திறந்து, மாடிப்படிகளில் விரைந்து இறங்கி, நேரே வீட்டிற்குப் போகிறான். எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்கும் கணவனைக் கண்டு எலேன் திகைக்கிறாள். என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. அவள் உடைந்து அழுகிறாள். அவன் அவளை அணைத்துக்கொள்கிறான். படம் முடிகிறது.

ஆதியாகமம் 39-ஆம் அதிகாரத்து யோசேப்பு தன் வஸ்திரத்தை அந்நிய ஸ்திரீயின் கையில் விட்டு ஓடினான். இந்தப் பாரிஸ் நகரத்துக் கணவனோ வஸ்திரத்தோடே ஓடினான். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் சொன்னபோது தகப்பனாரும் சிரித்துவிட்டார்.

அப்போது மகள் கேட்டாள்: “எல்லாம் சரி ஐயா, அந்த மனைவி ஏன் அழுகிறாள்? அவளுக்குத்தான் ஒன்றுமே தெரியாதே. படத்தில் அதற்குக் காரணம் சொல்லவேயில்லை.”

இக்கேள்விக்கு அன்று பதில் சொன்னது நானல்ல. அப்பதிலை முடிவில் எழுதுகிறேன்.

ஒரு வார்த்தை மட்டும் இங்கே. அப்படத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. குடும்பமாய் அமர்ந்து பார்க்கத்தகாத காட்சிகள் அதில் உண்டு. திரையரங்கின் வாசலை மிதிக்காதிருப்பது நம்மில் பலருக்கு இன்றும் ஒரு சாட்சியாயிருக்கிறது. அதை நான் எளிதாய் எண்ணவில்லை. ஆனால் திரையரங்கு இப்பொழுது ஒவ்வொரு பிள்ளையின் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. பிள்ளை பார்த்துவிட்டு வந்து கேட்கும் கேள்விக்குச் செவிகொடுக்காமல் போனால், அடுத்த தடவை அவள் நம்மிடம் கேட்கமாட்டாள். கேட்க வேறு ஆளைத் தேடிக்கொள்வாள்.

நம் மொழியில் ஒரு லீலாவதி

பிரான்சு தேசத்துக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. நம் தமிழிலும் இதே பொருளைச் சிரிப்பாகச் சொன்ன படம் உண்டு. 1995-ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்த ‘சதிலீலாவதி’தான் அது. பாலுமகேந்திரா இயக்கினார். கமல்ஹாசன் தயாரித்து, அதில் நடிக்கவும் செய்தார். கிரேசி மோகன் வசனம் எழுதினார். லீலாவதியாக நடித்த கல்பனா கேரளத்துப் பெண்மணி. பிற்காலத்தில் தேசிய விருது பெற்ற அவர் 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.

கதை எளியது. அருண் என்பவனுக்கு நல்ல வேலை, பிள்ளைகள், கணவனே கதியென்றிருக்கும் மனைவி எல்லாம் இருக்கின்றன. ஆனால் பருமனான மனைவியின் தோற்றத்தைக் குறித்து அவனுக்குள் ஒரு வெட்கம். பிரியா என்னும் பெண்ணிடம் மனம் போகிறது. அலுவல் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவளோடு பெங்களூருக்குப் போகிறான். போன இடத்தில் கோயம்புத்தூர்ப் பேச்சுப் பேசும் நண்பன் சக்திவேலும், கோவை சரளா நடித்த அவன் மனைவி பழனியும் எதிரே வந்து நிற்கிறார்கள். அதற்குப் பின்பு ஒரு பொய்யை மறைக்க வேறொரு பொய், அதை மறைக்க மற்றொன்று. அரங்கம் சிரித்தது.

உண்மை தெரிந்தபோது லீலாவதி என்ன செய்தாள்? பிள்ளைகளையே கணவனும் பிரியாவும் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டாள். ரகசியமாயிருந்தவரையில் இனித்த உறவு, பிள்ளைகளின் பசியும் படிப்பும் அழுகையும் வீட்டிற்குள் வந்தவுடன் கசந்துபோயிற்று. முடிவில் அருண் தன் வீட்டிற்குத் திரும்புகிறான். இக்கதை 1999-இல் ‘பீவி நம்பர் 1’ என்று இந்தியிலும், 2005-இல் ‘ராமா ஷாமா பாமா’ என்று கன்னடத்திலும் எடுக்கப்பட்டது. ஊர்தோறும் விலைபோகிறது என்றால், ஊர்தோறும் இந்தக் காயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அருணுடைய பிழை பெங்களூரில் தொடங்கவில்லை. மனைவியைக் குறித்துத் தன் மனதிலிருந்த வெட்கத்தை அவன் ஒருநாளும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, தேவனிடமும் அறிக்கையிடவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அன்றிரவு சண்டை நடந்திருக்கும். ஆனால் சண்டை நடக்கும் வீட்டில் இன்னும் பேச்சு இருக்கிறது. சொல்லாமல் புதைத்தபடியால் அந்த வெட்கம் வேர்விட்டு, வேறொருத்தியின் வாசலில் போய் முளைத்தது.

சந்தேகம் என்னும் திசைகாட்டி

கேரளத்தில் குடியிருக்கிற நம்மவர்கள் அறிந்த இன்னொரு கதையும் உண்டு. 1989-ஆம் ஆண்டில் ஸ்ரீனிவாசன் எழுதி, இயக்கி, நடித்த ‘வடக்குநோக்கியந்திரம்’ என்னும் மலையாளப் படம். திசைகாட்டும் கருவிக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். தினேசன் என்பவன் அச்சகம் நடத்துகிறவன். குட்டையானவன், கருத்தவன் என்று தன்னைக் குறித்தே தாழ்வாக எண்ணுகிறவன். அவனுக்கு ஷோபா என்னும் அழகான பெண் மனைவியாக வருகிறாள். அவள் உண்மையுள்ளவள். ஆனாலும் அவன் மனம், எப்படித் திருப்பி வைத்தாலும் வடக்கையே காட்டும் முள்ளைப்போல, சந்தேகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. தன் சொந்தத் தம்பியையும் சந்தேகிக்கிறான். கடைசியில் மனநல மருத்துவமனைக்குப் போகும் நிலைமை வருகிறது. சந்தேகக் கணவனைத் ‘தளத்தில் தினேசன்’ என்று சொல்வது இன்றும் மலையாளிகளின் வழக்கம். 2008-இல் இதே கதை ‘திண்டுக்கல் சாரதி’ என்று தமிழிலும் வந்தது.

அருண் உண்மையற்றவன். தினேசன் அப்படிப்பட்டவனல்ல, எந்த அந்நிய ஸ்திரீயையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் இருவர் வீட்டிலும் மனைவியின் கண்ணீர் ஒன்றுதான். ஏனெனில் இருவரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். மனைவியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார்கள். ‘உனக்கு நான் தகுதியானவனா என்று பயமாயிருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தைத் தினேசன் ஷோபாவிடம் சொல்லியிருந்தால், அந்தப் பயத்தில் பாதி அன்றே செத்திருக்கும். மாறாக அவன் பத்திரிகையில் ஆலோசனை எழுதுகிற ஒருவரைத் தேடிப் போகிறான்! இப்பக்கத்தில் மாதந்தோறும் எழுதுகிற நானே இதைச் சொல்ல வேண்டும்: பத்திரிகை எழுத்தாளரிடம் கேட்பதற்கு முன்பு மனைவியிடம் பேசுங்கள்.

சட்டம் விலகிவிட்டது

முன்பெல்லாம், “சட்டத்துக்குப் பயந்தாவது நடப்பார்கள்” என்று சொல்வோம். அச்சட்டம் எப்படியிருந்தது என்று நம்மில் பலர் அறியமாட்டார்கள். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 497-ஆம் பிரிவு, பிறன் மனைவியோடு உறவுகொண்ட ஆண்மகனுக்கு 5 ஆண்டுகள் வரை சிறை என்றது. ஆனால் அந்தப் பெண்ணின் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமில்லை! தன் கணவன் துரோகம் செய்தான் என்று முறையிட மனைவிக்கு அதில் இடமேயில்லை. மனைவியைக் கணவனுடைய உடைமையாக எண்ணிய காலத்தின் சட்டம் அது.

கேரளத்தைச் சேர்ந்த ஜோசப் ஷைன் என்பவர் தொடுத்த வழக்கில், 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்பிரிவை ரத்துசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இடம்பெறவில்லை. விவாகரத்துக்கு மட்டும் அது இன்றும் ஒரு காரணமாக இருக்கிறது.

கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும் ஓரவஞ்சனையுள்ளதாகவே இருந்தது. மனைவி தவறினாள் என்று மட்டும் கணவன் நிரூபித்தால் போதும். மனைவியோ, கணவன் தவறினான் என்பதோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை நீக்கித் தீர்ப்பளித்தது. 2001-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இருவருக்கும் ஒரே அளவுகோலை வைத்தது.

இதிலே நாம் வெட்கப்பட வேண்டிய ஒன்று உண்டு. 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல், மனைவியின் சரீரத்தின்மேல் கணவனுக்கு அதிகாரம் உண்டு என்று எழுதினதோடு நிறுத்தவில்லை. கணவனுடைய சரீரத்தின்மேல் மனைவிக்கும் அதே அதிகாரம் உண்டு என்று உடனே எழுதுகிறார். நீதிமன்றம் 1995-இல் சொன்ன சமத்துவம் நம் கையிலுள்ள வேதத்தில் முன்னமே எழுதியிருக்கிறது. ஆயினும் சபையில் ஒரு சகோதரி தவறினால் ஒரு நியாயம், ஒரு சகோதரன் தவறினால் வேறொரு நியாயம் என்று நாம் நடந்ததில்லையா? சிந்தியுங்கள்.

சட்டம் விலகிவிட்டபடியால் ஒழுக்கமும் விலகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. போலீசுக்குப் பயந்து உண்மையாயிருந்தவன் ஒருநாளும் உண்மையாயிருந்ததில்லை. யோசேப்பைத் தடுத்தது எந்தச் சட்டம்? வீட்டிலே மனுஷர் ஒருவரும் இல்லாத வேளை அது. பிரெடெரிக்கைத் தடுத்தது கண்ணாடியில் தெரிந்த தகப்பனின் முகம்.

நாம் செய்யக்கூடியவை

பிரியமானவர்களே, நாம் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள். ஊரிலே மாமியார் இருந்தார், அக்கம்பக்கம் இருந்தது. ஒருவர் முகம் வாடினால் கேட்க நான்கு பேர் இருந்தார்கள். நகரத்திலோ கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். நடுவே பன்னிரண்டு மணி நேரம். சிலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். நடுவே கடலும் இரண்டு ஆண்டுகளும். அந்த இடைவெளியில்தான் பேச்சு வேறு திசைக்குப் போகிறது. ஆகையால் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் பேச்சு எங்கே போகிறது என்று பாருங்கள். வீட்டில் சொல்லாத ஒரு மனக்குறையை அலுவலகத்திலோ கைப்பேசியிலோ வேறொருவரிடம் சொல்லத் தொடங்கினீர்களானால், அன்றே திரும்புங்கள். கை தவறுவதற்கு நெடுநாள் முன்பே நாவு தவறிவிடுகிறது.

இரண்டாவது, நாள் முழுவதிலும் ஒரு கால் மணி நேரமாவது கணவனும் மனைவியும் தனித்துப் பேசுங்கள். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், அரிசி விலை இவை பேச்சல்ல, இவை கணக்கு. ‘இன்று எனக்குக் கஷ்டமாயிருந்தது’ என்பதுதான் பேச்சு. தூரதேசத்தில் இருக்கிறவர்கள் பணம் அனுப்பிய விவரத்தை மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடாதிருங்கள்.

மூன்றாவது, சந்தேகம் வந்தால் வேவு பார்க்காதீர்கள். கைப்பேசியை ஒளிந்து திறந்து பார்க்கிறவன் தினேசனுடைய வழியில் நடக்கிறான். கேள்வியாகக் கேளுங்கள். சந்தேகம் நியாயமில்லாமல் திரும்பத்திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால், அது சிகிச்சை தேவைப்படும் நோயாகவும் இருக்கக்கூடும். ஜெபிப்பதோடு மருத்துவரிடமும் போங்கள். அதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை.

நான்காவது, உண்மையாகவே துரோகத்துக்கு ஆளானவர்களுக்கு. உங்களிடம், “பொறுத்துக்கொள், ஜெபம்பண்ணு” என்று மாத்திரம் சொல்லி அனுப்புவது நியாயமல்ல. மன்னிப்பு தேவனுடைய கட்டளைதான். ஆனால் தவறினவர் மனந்திரும்பி, அந்த உறவை வெட்டி, மறைவானதை வெளியரங்கமாக்கும்போதுதான் வீடு மறுபடியும் கட்டப்படும். அடியும் மிரட்டலும் இருக்குமானால் முதலில் பாதுகாப்பைத் தேடுங்கள். பெண்களுக்கான 181 என்ற உதவி எண் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறது.

ஐந்தாவது, படியின் உச்சிவரைக்கும் போய்விட்டவர்களுக்கு. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், இனி எப்படித் திரும்புவது’ என்று சத்துரு உங்களிடம் சொல்லுவான். ஏறின படிகள்தான் இறங்குவதற்கும் இருக்கின்றன. இறங்கி வாருங்கள்.

தாயார் சொன்ன பதில்

அன்று ஸ்ரீவராகத்து வீட்டில், அந்த மனைவி ஏன் அழுகிறாள் என்று மகள் கேட்டபோது நான் யோசித்துக்கொண்டிருந்தேன். காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த தாயார் நின்று சொன்னார்:

“அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று யார் சொன்னது, மக்களே? எது என்று தெரியாது, அவ்வளவுதான். ஏதோ ஒன்று வீட்டைவிட்டுப் போய்விட்டது என்று மட்டும் தெரிந்திருக்கும். அது பகல் வெளிச்சத்தில் திரும்பி வந்து எதிரே நின்றால், அழாமல் என்ன செய்வாள்?”

ஒருவரும் பேசவில்லை. தகப்பனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனுஷர், எந்தத் தவறான வழிக்கும் போகாதவர். ஆனாலும் அவ்வார்த்தை தமக்கும் சொல்லப்பட்டது என்று அறிந்துகொண்டார். கடையிலிருந்து அந்த வீட்டுக்குச் சிறிது தூரம்தான். இத்தனை ஆண்டுகளும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கடையிலேயே சாப்பிட்டு வந்திருக்கிறார்.

மறுபடியும் நான் அவ்விடத்துக்குப் போயிருந்தபோது மணி ஒன்றரை இருக்கும். முன்வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நின்றது. உள்ளே கணவனும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். மீன்குழம்பும் மரவள்ளிக்கிழங்கும்.

“வாரத்தில் மூன்று நாளாவது வந்துவிடுகிறேன், ஐயா” என்றார் அவர். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினார்.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் பகல் வெளிச்சத்தில் உங்களுக்காகக் காத்திருக்கலாம். இன்றைக்குப் போங்கள். போய்ப் பேசுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.